ஆறு மாத்திரையும் எட்டு டன்னும்

கொக்கியார் ஒருகாலத்தில் தன் மைத்துனருக்குப் பதினாறாயிரம் கடன்பட்டிருந்தார். கிரேன் ஓட்டும் பயிற்சிக்கும் உரிமத்துக்குமாகச் சேர்த்து வாங்கிய பணம். மைத்துனர் வட்டி கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னால், "மச்சான் நல்லா இருக்காரு, நம்ம பணத்துலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வட்டியே கொடுத்திருக்கலாம் என்று கொக்கியாருக்குத் தோன்றும்.

அந்தக் கடனைப் பதினான்கே மாதத்தில் அடைத்தார். கீழே இறங்காமல் அடைத்தார்.

அவர் ஓட்டியது உயரமான கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்குமே, அந்தக் கோபுரக் கிரேன். உச்சியில் ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கேபின். அதற்குப் போக லிஃப்ட் கிடையாது. ஏணிதான், முந்நூற்றுப் பன்னிரண்டு படி. இறங்கக் கால் மணி, ஏற அரை மணி, மூச்சு வாங்கப் பத்து நிமிடம். சம்பளமோ தூக்குக் கணக்கு. ஒரு சுமையைத் தூக்கி வைத்தால் ஒரு தூக்கு, அதற்கு இவ்வளவு. ஒருமுறை கீழே போய் வந்தால் ஐந்து தூக்கு போச்சு. அந்த ஐந்து தூக்கு மைத்துனர் வாயை மூட வேண்டிய பணம்.

ஆகவே கொக்கியார் காலை ஆறு மணிக்கு ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் இறங்குவார். மத்தியானச் சாப்பாடு கொக்கியில் மாட்டிய பையில் மேலே வரும். சிறுநீருக்கு ஒரு பாட்டில் வைத்திருந்தார். மற்றதற்கு வழியில்லை. வழியில்லாத காரியத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று காலையில் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வார். வயிறு தினமும் பத்து மணிக்கு ஒழுங்காகக் கூப்பிடும். இவர் "அப்புறம்" என்பார். சில மாதம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வயிறும் கூப்பிடுவதை விட்டுவிட்டது.

கடன் அடைந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அது பெருமையாகிவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் வேலை நேரத்தில் ஒருநாளும் தரையை மிதிக்காத ஆள் என்று கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர்தான். கணக்கு வராது என்று அன்றைக்கு வாத்தியார் எழுதிக்கொடுத்தார். பிறகு அதே வாத்தியாரின் மகன் வேலை பார்க்கும் வங்கியின் பதினெட்டாவது மாடிக்கு இரும்புப் பெட்டகத்தை ஏற்றிவைத்தது யார் என்று போய்க் கேட்டுப் பாருங்கள். எத்தனை டன்னுக்கு எத்தனை மீட்டர் தூரம் என்ற சுமை அட்டவணை முழுவதும் அவருக்கு மனப்பாடம். பொறியாளர்கள் காகிதத்தைத் தேடி முடிப்பதற்குள் இவர் சுமையை வைத்துவிட்டிருப்பார். இரண்டு மாடி வீடு கட்டினார். மைத்துனருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிடப் பெரிய பேச்சு இல்லை.

ஐம்பத்தாறாவது வயதில் வயிறு மொத்தமாக நின்றது. ஆறு நாள். ஏழாம் நாள் மாலை மருந்துக்கடைக்குப் போனார்.

"என்ன வேணும்ணா?" என்றார் மருந்துக்கடைக்கார அம்மாள்.

"வயிறு கட்டிக்கிச்சு."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"வயித்து வலி, வாந்தி ஏதாவது? காத்தாவது போகுதா?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கொக்கியார் அவர்களைப் பார்த்தார். அவர்கள் பற்பசை விலையைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"போகுது" என்றார்.

அம்மாள் மஞ்சள் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். சர்க்கரை மிட்டாய் போலப் பளபளவென்று பூச்சு. "படுக்கப் போறப்ப ஒண்ணு. முழுசா முழுங்கணும், ஒரு டம்ளர் தண்ணியோட. காலையில வேலை செய்யும். தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேல போடாதீங்க. அப்பவும் சரியாகலைன்னா டாக்டரைப் பாருங்க. உள்ளே சீட்டு இருக்கு, படிச்சுப் பாருங்க."

அன்று இரவு ஒன்று போட்டார். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன்பே, கச்சிதமாகக் காரியம் முடிந்தது. இருபத்திரண்டு வருடம் எங்கே இருந்தாய் என்று அந்த அட்டையைப் பார்த்துக் கேட்டார். சீட்டைப் பிரித்தார். எறும்பு வரிசை போல எழுத்து. அதை நாலாக மடித்து, கேபினில் காற்றடித்தால் கடகடவென்று ஆடும் ஜன்னல் சட்டத்தில் செருகினார். ஜன்னல் ஆடுவது நின்றது. சீட்டால் அவருக்குக் கிடைத்த நன்மை அதுவே.

ஒரு வாரம் ஏழு மாதமாகியது. ஒரே கடையில் வாங்கினால் கேள்வி வரும் என்று நாலு கடையில் மாற்றி மாற்றி வாங்கினார். நாலு கடைக்காரர்களும் அவர் முதல் வாரத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாத்திரைக்கு வயிறு அசையாமல் போனபோது அவர் பயப்படவில்லை. கிரேனில் பாரம் கூடினால் கயிற்றின் மடிப்பைக் கூட்ட வேண்டும். இரண்டு மடிப்பில் அசையாதது நாலு மடிப்பில் எழும்பும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகியது.

அவர் மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். ஒரு நாளைக்கு நாலாயிரம் முகவரி படிக்கிற கண்ணுக்குக் குப்பைத் தொட்டியில் கிடக்கும் காலி அட்டை தப்புமா?

"என்னங்க இது, மாத்திரையா இல்ல மாசத் தவணையா?"

"உடம்புக்கு நல்லது."

"யாரு சொன்னா?"

"உடம்பு சொல்லுது."

"உங்க உடம்பு எப்பங்க உங்ககிட்ட பேசிச்சு? அதைப் பேசவே விட்டதில்லையே நீங்க."

அவர் படுக்கையில் திரும்பிப் படுத்தார்.

அப்போது கட்டிக்கொண்டிருந்தது இருபத்தாறு மாடி அலுவலகக் கட்டடம். மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டிய குளிரூட்டும் இயந்திரம் வந்து இறங்கியது. எட்டு டன். அதற்காகக் காலை எட்டு முதல் பத்து வரை தெருவையே மூட அனுமதி வாங்கியிருந்தார்கள். முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கொக்கியார் வழக்கம்போல் நாலு மாத்திரை போட்டுக்கொண்டார். காலை ஐந்து மணிக்கு எழுந்தார். ஒரு அசைவும் இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தார். இது வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி இன்னும் இரண்டை எடுத்தார். தண்ணீர் குடித்தால் பிற்பாடு பாட்டில் போதாது. அதனால் வாயில் போட்டுக் கடித்து, மனைவி வைத்திருந்த சூடான பாலை மேலே ஊற்றினார்.

"பாலோட போடலாமாங்க அதை?"

"பால் உடம்புக்கு நல்லதுதானே."

"சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"சீட்டு கேபின்ல இருக்கு."

ஆறு மணிக்கு ஏறினார். எட்டே முக்காலுக்கு இயந்திரம் தரையை விட்டு எழும்பியது. கீழே நின்று வழிகாட்டுபவர் சிக்னல்காரர். பன்னிரண்டு வருடம் இவருக்குக் கண்ணாக இருந்த பெரிய தொந்திக்காரர். பதினான்காம் மாடி உயரத்தில் சுமை நின்றது.

"கொக்கி, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றது வாக்கி-டாக்கி.

"நிறுத்தலை. யோசிக்கிறேன்."

"எட்டு டன்னைத் தொங்கவிட்டுட்டு என்ன யோசனை?"

"வயிறு."

அந்த அலைவரிசையில் வேலையிடம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வயிறுன்னா?"

"வயிறுன்னா வயிறு. முறுக்குது. மேலே ஏத்தவா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

"மூச்சை நல்லா இழுத்து விடுங்கண்ணே" என்றது இன்னொரு குரல்.

"யாரது?"

"எட்டாவது மாடி பிளம்பர்."

"நீ எதுக்கு இதுல வர்றே?"

"என் வேலை சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சேன்."

சுமை தொங்கும்போது ஓட்டுநர் கேபினை விட்டு நகரக் கூடாது. அது எந்த வேலையிடத்திலும் மாறாத விதி. இந்த விதியைப் புத்தகத்தில் படித்தவர்கள் நிறையப் பேர். வயிற்றுக்குள் ஆறு மாத்திரை ஒரே நேரத்தில் வந்து நிற்க, நெற்றி வேர்வை கண்ணில் இறங்க, எட்டு டன்னைக் காற்றில் வைத்துக்கொண்டு அதைக் கடைப்பிடித்தவர் ஒருவர்தான். கீழே இறக்கிவிடலாமா என்று சிக்னல்காரர் கேட்டார். கீழே பதினான்கு மாடி, மேலே பன்னிரண்டு. கணக்கு வராதவருக்கு அது தெரிந்தது. ஏற்றினார். இருபத்திரண்டு நிமிடம். மொட்டை மாடியில் போட்டிருந்த நாலு குறிக்கும் இயந்திரத்தின் நாலு காலுக்கும் விரல் இடைவெளி இல்லை.

"கொக்கி கழட்டியாச்சு" என்றார் சிக்னல்காரர்.

கொக்கியார் வாக்கி-டாக்கியை அணைத்தார். கேபினில் கண்ணாடி துடைக்கும் துணி போட்ட பெயின்ட் வாளி ஒன்று இருந்தது. துணியை வெளியே எடுத்து வைத்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த வாளி நாலு முறை பயன்பட்டது. ஐந்தாவது முறைக்குள் கீழே போய்விடலாம் என்று இறங்க ஆரம்பித்தார். கைவிரல்கள் கம்பியைப் பிடிக்க மறுத்தன. தொடைச் சதை கல்லாக இறுகியது. இதயம் ஒரு அடி அடித்து, ஒன்றை விட்டு, அவசரமாக இரண்டு அடித்தது. ஏணியின் மூன்றாவது நிறுத்தத் தட்டில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

வேலை நின்றது. நூற்று நாற்பது பேர் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். லீவு நாட்களில் கிரேன் ஓட்டும் பதிலாளுக்கு ஆள் அனுப்பினார்கள். நாற்பத்தெட்டு வயது, மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். அவர் ஏணியில் ஏறி, தட்டில் கிடந்தவரிடம் "அசையாம இருங்கண்ணே" என்று சொல்லி, அவரைத் தாண்டி மேலே போனார். கேபினுக்குள் அவர் கண்டதைப் பற்றி இன்றுவரை ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. நல்ல மனிதர். மீட்புக்காரர்கள் ஆறு பேர் கொக்கியாரைக் கூடையில் கட்டினார்கள். அந்தக் கிரேன் அன்று தூக்கிய கடைசிச் சுமை எழுபத்தோரு கிலோ.

ஆஸ்பத்திரியில் கையில் சலைன் ஏறியது. மனைவி சீருடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார்.

"மொத்தம் எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

"காலையில ரெண்டு."

"ராத்திரி?"

"அது நேத்துக் கணக்கு."

"நாலு" என்றார் மனைவி. "ஏழு மாசமா தினமும் உண்டு. பால்ல கடிச்சு முழுங்கினது இன்னிக்கு மட்டும்தான், எனக்குத் தெரிஞ்சு."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த மாத்திரை கெட்டது இல்லைங்க. குடலோட தசையைத் தூண்டிவிடும். மத்தது ஒண்ணும் கேக்காதப்ப, எப்பவாவது ஒண்ணு, ரெண்டு நாளுக்குப் போட்டா நல்ல மருந்து. ஆனா வேலை செய்ய ஆறு மணி நேரமும் ஆகும், பன்னிரண்டும் ஆகும். நீங்க ஏழு மணி நேரத்துல அடுத்ததை அனுப்பிட்டீங்க. மேல பூச்சு இருக்கே, அது வயித்தைத் தாண்டி குடலுக்குப் போய்த்தான் கரையணும். கடிச்சா உடையும். பாலோட போட்டா வயித்துலேயே கரையும். அப்புறம் முறுக்காம என்ன பண்ணும்? நெஞ்செரிச்சல் மாத்திரை ஏதாவது போடுவீங்களா?"

"கேபின்ல சப்புவேன்."

"அதுவும் அப்படித்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது விடணும். சிலது வயித்தைக் கட்டவும் கட்டும். எதைச் சப்பறீங்கன்னு அடுத்த தடவை அட்டையைக் கொண்டு வாங்க." அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார். "தண்ணியும் உப்பும் சேர்ந்து வெளியே போயிடுச்சு. பொட்டாசியம் ரொம்பக் குறைவு. அது குறைஞ்சா தசை கேக்காது, இதயத் துடிப்பு தப்பும். உங்களுக்கு அது ஏணியில நடந்திருக்கு."

"சுமையை வச்சப்புறம்தான் நடந்துச்சு" என்றார் கொக்கியார்.

"அதை நான் கேக்கலை."

"சொல்லிடறேன்."

"உங்க கிரேன்ல பாரம் மிஞ்சினா அலாரம் அடிக்குமா?"

"அடிக்கும்."

"அடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்துவேன்."

"ஒரு மாத்திரை கேக்காம ரெண்டு தேவைப்பட்டதே, அதுதான் அலாரம். அன்னிக்கே இங்கே வந்திருக்கணும்."

"அதுக்குச் சத்தம் இல்லையே" என்றார் கொக்கியார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயது ஐம்பதைத் தாண்டியவர், வயிற்றின் பழக்கமும் மாறியிருக்கிறது என்பதால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்தார்கள். குறை ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் அவர் நல்ல மதிப்பெண் வாங்கிய இரண்டாவது பரிசோதனை அது. முதலாவது கிரேன் உரிமம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மேலே நோய்ப்பட்டு இறக்கப்பட்ட ஓட்டுநர், டாக்டர் கையெழுத்து இல்லாமல் திரும்ப ஏற முடியாது. டாக்டரம்மா இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். வேலையிடத்து மேனேஜர் போனில் பேசினார். பதினாறாம் நாள் உச்சித் தூக்கு. மொட்டை மாடியில் நிறுத்தும் இரும்புக் கம்பம், கட்டடத்தின் கடைசிச் சுமை. அது முடிந்ததும் கிரேனைக் கழற்றி மூன்று வருட வேலை ஒன்றுக்குக் கொண்டுபோகிறார்கள்.

"அன்னிக்கு யாரு சீட்ல இருக்காங்களோ அவங்கதான் கிரேனோட போவாங்க" என்றார் மேனேஜர். "நான் என்ன பண்றது, மேலிடத்து முடிவு."

ஐம்பத்தாறு வயதில், கூடையில் இறக்கப்பட்ட ஓட்டுநருக்கு வேறு யார் கிரேன் கொடுப்பார்கள்? கொக்கியார் போனை வைத்துவிட்டுப் பதிலாள் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். நாற்காலியின் உயரத்தைக் கூட மாற்றியிருப்பான்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்ததை மனைவி சமையலறைச் சுவரில் ஒட்டினார். நாள் முழுவதும் தண்ணீர். கீரை, பயறு, பழம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. தினம் அரை மணி நடை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கழிவறையில், காலுக்குக் கீழே சிறு முக்காலி. கூப்பிட்டால் உடனே போக வேண்டும். குடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தூள் ஒன்று, தினமும் தண்ணீரில் கரைத்து. மூன்று நாள் போகாவிட்டால் மட்டும், படுக்கும்போது அந்த மஞ்சள் மாத்திரை ஒன்று. ஒன்றே ஒன்று. கடும் வலியோ வாந்தியோ இருந்தால், அல்லது காற்றும் போகாவிட்டால், மாத்திரையைத் தொடாமல் ஆஸ்பத்திரி.

கொக்கியார் தெருவில் நடந்தார். கிடைமட்டமாக இவ்வளவு தூரம் போய் அவருக்குப் பழக்கமில்லை. முதல் மூன்று நாள் முக்காலியில் கால் வைத்துச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"இன்னிக்கு ராத்திரி ஒண்ணு போட்டுக்கங்க" என்றார் மனைவி.

"விட்டாச்சுன்னா விட்டாச்சு. வார்த்தைன்னா வார்த்தை."

"யாருக்குக் கொடுத்த வார்த்தை?"

"எனக்கே."

"அப்ப நீங்களே உங்களை மன்னிச்சுக்கங்க. டாக்டரம்மா போடச் சொன்னதைப் போடமாட்டீங்க, சொல்லாததை நாலு நாலாப் போடுவீங்க. என்ன பிறவியோ!"

ஐந்தாம் நாள் வயிறு உப்பிக்கொண்டு நின்றது. வலி இல்லை, வாந்தி இல்லை, காற்றும் போயிற்று. அன்று படுக்கும்போது மனைவி பார்க்காத நேரம் பார்த்து ஒன்றை எடுத்தார். கடிக்கவில்லை. பெரிய டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்தார். காலை ஐந்து மணிக்கு எழுந்தார். ஒன்றும் இல்லை. கை தானாக அட்டையின் பக்கம் போனது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தார். ஆறு. ஏழு. இருபத்தாறு மாடிக்கு எட்டு டன் ஏற்றியதைவிட அந்த மூன்றரை மணி நேரம் கனமாக இருந்தது. எட்டரை மணிக்கு வயிறு, பழைய நாட்களைப் போல, மரியாதையாகக் கூப்பிட்டது. கொக்கியார் உடனே போனார்.

அதன் பிறகு மாத்திரை தேவைப்படவில்லை. தூளும் தண்ணீரும் நடையும் பார்த்துக்கொண்டன. இரண்டாம் வாரக் கடைசியில் காலைச் சாப்பாடு முடிந்ததும் அழைப்பு வர ஆரம்பித்தது.

பதினான்காம் நாள் டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரை எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணுகூடத் தொடலை" என்றார் கொக்கியார், மார்பை நிமிர்த்தி.

மனைவி கைப்பையைத் திறந்து அட்டையை மேசையில் வைத்தார். பத்தில் ஒன்று காலி.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஒண்ணு போட்டது தப்பே இல்லை, நான்தானே எழுதிக் கொடுத்தேன். நீங்க பொய் சொன்னாத்தான் எனக்குக் கை வராது. மேலே ஏறி என்னத்தை மறைப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பேனா மூடியே இருந்தது. மூன்று வருட வேலை அந்த மூடிக்குள் இருந்தது.

"அஞ்சாம் நாள், ஒண்ணு" என்றார் கொக்கியார் மெல்ல. "தண்ணியோட. முழுசா. எட்டரைக்குத்தான் ஆச்சு. அதுவரைக்கும் வேற போடலை."

"மூணாம் நாளே ஏன் போடலை?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. வெளியில் சொல்லும்படியாக இல்லை.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதினார்: ஒரு வேலை நேரத்தில் குறைந்தது இரண்டு முறை கீழே இறங்க வேண்டும், வேண்டிய அளவு தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சான்று செல்லாது.

அந்த வரியைப் படித்த மேனேஜர் தாளைத் திருப்பித் தள்ளினார். "ரெண்டு இறக்கம்னா ஒரு நாளைக்குப் பத்துத் தூக்கு போச்சு. தூக்குக் கணக்குல உங்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம். பதிலாளே ஓட்டட்டும்."

பதிலாள் மூலையில் நின்றிருந்தார். அப்போதுதான் கேபினிலிருந்து வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. கொக்கியாரை வெளியே அழைத்துப்போய், சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தினார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த மாத்திரை பேரு என்ன?"

கொக்கியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை நாளாச்சு?"

"நாலு."

"தண்ணி?"

"மேலே குடிச்சா இறங்கணுமே."

இரண்டு வாரமாக மனதுக்குள் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்திருந்தார் கொக்கியார். இப்போது திட்ட ஒன்றும் மிச்சமில்லை. "வலி, வாந்தி இருக்கா? இல்லையா? அப்ப மருந்துக்கடை அம்மாகிட்ட கேளுங்க, வேற என்ன மருந்து சாப்பிடறீங்கன்னும் சொல்லிடுங்க. படுக்கறப்ப ஒண்ணு. கடிக்காதீங்க. பால் வேணாம். ஒரு டம்ளர் தண்ணி முழுசா. காலையில வரலைன்னு இன்னொண்ணு போட்டீங்கன்னா..." அவர் ஏணியின் மூன்றாவது தட்டைக் காட்டினார். "அங்கே உக்காந்திருப்பீங்க. மாத்திரை அப்போதைக்குத்தான். தினமும் இறங்கலைன்னா இது தீராது."

இருவரும் உள்ளே திரும்பினார்கள். பதிலாள் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இறக்கம் இல்லைன்னா நானும் ஏறலை சார். நாளைக்கழிச்சு உச்சித் தூக்குக்கு அண்ணன் ஏறட்டும். எனக்கு நாளைக்கு ராத்திரி மாத்திரை இருக்கு. காலையில நான் தரையில இருக்கணும்."

"என்ன மாத்திரை?" என்றார் மேனேஜர்.

"அதேதான்."

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னைக் கூடையில இறக்கின அன்னிக்கு மூணு மணி நேரம் நின்னுச்சு" என்றார் கொக்கியார். "நூத்து நாப்பது பேர். நானூத்து இருபது ஆள்மணி கூலி சும்மா போச்சு. ரெண்டு இறக்கம்னா ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள. வாரத்துக்கு ஆறு நாள். போட்டுப் பாருங்க. ஆளுக்கு ஆள் கூலி வேற, ஆனாலும் மாசக்கணக்கா இறங்கலாம், அந்த ஒரு நாள் நஷ்டத்துக்கு."

மேனேஜர் செல்போனில் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். பட்டம் வாங்கிய விரல் அது. ஐந்தாம் வகுப்பு சொன்னதை அது மறுக்கவில்லை. மேலிடத்துக்குப் போன் போட்டு வெளியே போய் அரை மணி பேசிவிட்டு வந்தார். தூக்குக் கணக்கு ரத்து, நாள் சம்பளம். இறங்கி ஏறும் நேரத்துக்கும் கூலி உண்டு. அடுத்த வேலையிடத்தில் இரண்டு பேரும் முறை வைத்து ஓட்டட்டும்.

பதினாறாம் நாள் காலை கொக்கியார் ஏறினார். நாற்காலி உயரம் மாறித்தான் இருந்தது. சரிசெய்துகொண்டார். பத்து மணிக்கு இரும்புக் கம்பம் தரையில் தயாராகக் கிடக்க, கொக்கி வெறுமையாகத் தொங்க, கேபின் கதவைத் திறந்து இறங்க ஆரம்பித்தார். நூற்று நாற்பது பேர் அண்ணாந்து பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் காணாத காட்சி.

"எங்கே கொக்கி?" என்றது வாக்கி-டாக்கி.

"கீழே."

"எதுக்கு?"

"உங்களுக்கு எதுக்கு?"

"அண்ணே, கீழ்த்தளத்துல குழாய்ல தண்ணி வருது, பார்த்துட்டேன்" என்றது எட்டாவது மாடி பிளம்பரின் குரல்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்களும் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து மேலே போய் உட்கார்ந்தார். இரும்புக் கம்பம் முப்பத்தொரு நிமிடத்தில் உச்சியில் நின்றது, ஒரு ஆட்டம் இல்லாமல்.

கிரேனைக் கழற்றுவதற்கு முன் இருந்த சில்லறைத் தூக்குகளையும் முடித்து, மறுவாரச் சனிக்கிழமை சம்பளத்துக்கு நின்றார். காசாளர் சிறு ஜன்னலுக்குப் பின்னால் பேரேட்டில் விரல் வைத்துப் படித்தார்.

"நாள் சம்பளம் ஆறு. சரி. இது என்ன, இறக்கம் பன்னிரண்டு?"

"இறங்கினேன்."

"இறங்கி என்ன செஞ்சீங்கன்னு காரணம் எழுதணும்ங்க. தணிக்கைக்காரங்க கேப்பாங்க."

"எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

காசாளர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். ஏதோ எழுதினார். கொக்கியார் அதைப் படிக்கவில்லை. கீழே தன் பெயரை எழுத்துக் கூட்டிப் பெரிதாகப் போட்டார்.

"பன்னிரண்டுக்கும் தனியா எண்ணுங்க" என்றார். "நாள் சம்பளத்தோட கலக்காதீங்க."

"எல்லாம் ஒரே பணம்தானே."

"எண்ணுங்க."

கொக்கியார் ஜன்னலுக்குள் கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். காசாளர் தாள்களை ஒவ்வொன்றாக அதில் வைத்து, ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரை வாய்விட்டு எண்ணினார்.